பால் பவுடர் டப்பாவில் வந்த கேள்விகள்

என்னைத் தஞ்சாவூருக்குப் பயிற்சிக்கு அனுப்பியதற்குக் காரணம் நான் அறிவியல் டீச்சர் என்பதல்ல, எனக்கு இங்கிலீஷ் பேச வரும் என்பதுதான். மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு பெரிய கிராமத்தில், பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டாவது வருஷம். எனக்கு வயது இருபத்தைந்து. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில், பயிற்சி தருபவர் வெளிநாட்டுக்காரர், ஆங்கிலம் தெரிந்த ஆசிரியை ஒருவரை ஐந்து நாளுக்கு அனுப்பவும் என்று இருந்தது. எங்கள் ஹெச்.எம். அம்மா ஸ்டாஃப் ரூமை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார்.

என் அப்பா ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். அம்மா நடவுக்கும் களைக்கும் போனவர். நாங்கள் குடியிருந்த மனை பண்ணைக்குச் சொந்தமில்லை, எங்களுக்கே சொந்தம் என்று பட்டா வந்த வருஷத்தில்தான் நான் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். படித்ததெல்லாம் கன்னியாஸ்திரிகள் நடத்திய இலவச விடுதியில். இங்கிலீஷ் வந்தது அப்படித்தான்.

கடிதத்தில் பாடத்தின் பெயர் 'மக்கள்தொகைக் கல்வி' என்று போட்டிருந்தது. மக்கள்தொகை என்றால் பட்டியலும் கோடுகளும்தானே என்று நினைத்து ஒரு கிராஃப் நோட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் காலையிலேயே அது பயன்படாது என்று தெரிந்துவிட்டது.

பயிற்சி தர வந்தவர் பிலிப்பைன்ஸ்காரர். வெள்ளைக்கார அம்மாவை எதிர்பார்த்து வாசலில் மாலையோடு நின்ற அலுவலக ஊழியர், ஜீப்பிலிருந்து இறங்கிய அவரைத் தாண்டிப் போய் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். குள்ளம், எங்கள் நிறம், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், காலில் ரப்பர் செருப்பு. அவர் ஊரில் மருத்துவச்சியாக இருந்து, பிறகு பள்ளிகளில் வளரும் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவராக ஆனவர். பணம் ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டுடையது, படங்கள் அச்சானது பாங்காக்கில், உத்தரவு டெல்லியிலிருந்து வந்தது, ஏற்பாடு மெட்ராஸ். இத்தனை ஊர் கைகோத்துக்கொண்டு எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு என்ன சொல்லப் போகிறார்கள் என்று எனக்கு ஒரே குறுகுறுப்பாக இருந்தது.

முதல் வேலையாக எங்கள் முப்பது பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். உடம்பின் பாகங்களுக்கு உங்கள் மொழியில் என்ன பேர் என்று தலையிலிருந்து கால் வரைக்கும் எழுதச் சொன்னார். எல்லாரும் கடகடவென்று எழுதினோம். அவர் தாள்களை வாங்கி, என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உங்கள் ஊர் மனிதர்களுக்கு வயிற்றுக்கு அடுத்தது தொடைதானா என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். ஆண் ஆசிரியர்கள் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் முழுக்க அந்த ஒரு விஷயத்தையே பேசினோம். பாடப்புத்தகத்தில் உள்ள சொல் எல்லாம் வாயில் நுழையாத சமஸ்கிருதம். மற்றதெல்லாம் சண்டையில் திட்டுகிற சொல். நடுவில் ஒன்றும் இல்லை. 'அந்த இடம்', 'கீழ', இவ்வளவுதான். அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. தங்கள் ஊரிலும் சொந்த மொழியில் சொன்னால் கெட்ட வார்த்தை, அந்நிய மொழியில் சொன்னால் மரியாதை என்றார். ஒவ்வொரு சொல்லையும் தன் டைரியில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, எங்களிடம் சொல்லிக் காட்டி, உச்சரிப்பு சரியா என்று கேட்டுக்கொண்டார். அவர் வாயில் அந்தச் சொற்கள் வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது நாளில் நாங்களும் சொல்ல ஆரம்பித்தோம்.

எனக்கு நான் படித்த காலம் ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் இரண்டு பக்கம் வரும். விடுதியில் எங்களுக்குப் புத்தகம் தருவதற்கு முன்பே அந்த இரண்டு பக்கத்தையும் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். நாங்கள் அதை இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தோம். உள்ளே இருந்தது ஒரு பூவின் படமும் ஒரு முயலின் படமும். இவ்வளவுக்குத்தானா என்று மறுபடி ஒட்டிவைத்தோம். அறிவியலில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, இரண்டு வருஷம் பாடம் எடுத்தவளுக்கு மாதவிலக்கு எங்கிருந்து வருகிறது, ஏன் அந்தந்த நாளில் வருகிறது என்பது தஞ்சாவூர்ப் பயிற்சியில்தான் முழுசாகப் புரிந்தது. இதை இப்போது சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் மூன்று பள்ளிகளில் சோதனை வகுப்பு நடத்துவதாக ஏற்பாடு. அதில் எங்கள் பள்ளியும் ஒன்று. ஐப்பசி மழை விட்டு வயலெல்லாம் சம்பாப் பயிர் பச்சையாக நின்ற சமயம். வாரத்துக்கு இரண்டு நாள் அந்த அம்மா மன்னார்குடியிலிருந்து வருவார். நான் வகுப்பெடுக்க வேண்டும், அவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்பார்.

முதல் வகுப்பு ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு. பாங்காக்கில் அச்சடித்த பெரிய படங்களை ஆணியில் மாட்டினேன். ஒரு சிறுமி எப்படிப் பெரியவளாகிறாள் என்று வரிசையாகப் படங்கள். எல்லாரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஏதாவது கேள்வி இருக்கா என்றேன். முன் வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"ஏன் டீச்சர், அந்த வீட்டுக்குக் கால் வெச்சிருக்கு?"

படத்தின் பின்னணியில் மூங்கில் கால்கள் மேல் நிற்கிற வீடு ஒன்று இருந்தது. அதன் பிறகு அரைமணி நேரம் வெள்ளம் வரும் ஊர், மூங்கில் வீடு, அதற்கு அடியில் கோழியும் பன்றியும் என்றுதான் பேச்சு போனது. பின் பெஞ்சிலிருந்த அம்மா எழுந்து வந்து, தானும் அப்படி ஒரு வீட்டில்தான் பிறந்ததாகச் சொன்னார். எங்கள் ஊரிலும் நெல்தான், நானும் நாற்று நட்டிருக்கிறேன் என்றார். பிள்ளைகள் நம்பவில்லை. அவர் குனிந்து, விரலை எப்படி வைத்து நாற்றைச் சேற்றில் ஊன்றுவது என்று தரையில் செய்து காட்டினார். வகுப்பில் பாதிப் பேர் நடவுக்குப் போகிறவர்கள். சரிதான் என்று அவர்கள் தலையாட்டிய பிறகுதான் மீதிப் பேர் நம்பினார்கள்.

கேள்வியை வாயால் கேட்க வேண்டாம், எழுதிப் போடுங்கள் என்று சொன்னது அன்றைக்குத்தான். சத்துணவுக்கூடத்திலிருந்து ஒரு காலி பால் பவுடர் டப்பா வாங்கி, மூடியில் ஓட்டை போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். கையெழுத்து தெரியாமலிருக்க எல்லாரும் இடது கையால் எழுத வேண்டும், பேர் போடக்கூடாது என்பது அந்த அம்மாவின் யோசனை.

முதல் வாரம் டப்பா நிறைந்துவிட்டது. நானும் அவரும் ஸ்டாஃப் ரூம் மூலையில் உட்கார்ந்து பிரித்தோம். வீட்டுக்குத் தூரமா இருக்கும்போது வயலில் இறங்கினால் பயிர் கருகுமா? பையன் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்தால் பிள்ளை உண்டாகுமா? வயசுக்கு வந்ததும் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள்? அக்காவுக்குக் குழந்தை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், தப்பு அவளிடமா மாமாவிடமா, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சீட்டில், டீச்சர் உங்களுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று இருந்தது. அதை மொழிபெயர்க்காமல் தள்ளிவைத்தேன். அந்த அம்மா அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பயிர் கருகுமா என்ற கேள்வியைத்தான் அவர் அதிக நேரம் கையில் வைத்திருந்தார். அவர் ஊரிலும் அப்படி ஒரு நம்பிக்கை உண்டாம். அங்கே நெல்லுக்கு இல்லை, வெற்றிலைக் கொடிக்கு.

மூன்றாம் வாரம் வினை வந்தது. அந்த அம்மா வழக்கமாக வருகிற வாடகைக் கார் ரிப்பேர் ஆனதால், அன்றைக்குச் சுகாதாரத் துறை ஜீப்பில் வந்து இறங்கினார். எமர்ஜென்சி சமயத்தில் அதே மாதிரி ஜீப்தான் வந்து, வாளியும் வேட்டியும் தருகிறோம் என்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. சில வருஷம் ஆகியிருந்தாலும் ஊருக்கு அந்த ஞாபகம் ஆறவில்லை. பதினொரு மணிக்கெல்லாம் பேச்சு பரவிவிட்டது: வெளிநாட்டுக்காரி பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு மலடாக்கப் போகிறாள். களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாக்கள் சேற்றுக் காலோடு ஓடிவந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். மிராசுதார் வீட்டு மாட்டு வண்டி வந்து அந்த வீட்டுப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனது. மத்தியானம் வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஹெச்.எம். அறைக்கு நிலக்காரர்கள், கூலியாட்கள் என்று இரண்டு கூட்டமும் வந்தன. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஊரில் அறுவடைக் கூலிக்காக இரண்டு வருஷமாகத் தகராறு. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்களும் நிலக்காரர்களும் ஒரே தெருவில் எதிர்ப்பட்டால் ஒரு பக்கம் ஒதுங்கிப் போவார்கள். தாசில்தார் ஆபீஸ் பேச்சுவார்த்தையில்கூட எதிர் எதிர் சுவரோரம்தான் உட்காருவார்கள். எங்கள் பள்ளியை எதிர்க்க மட்டும் ஒரே நேரத்தில் ஒரே வாசல் வழியாக வந்திருந்தார்கள்.

மிராசுதார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து வேலி நிலத்துக்குச் சொந்தக்காரர், உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சம் போனதாகச் சொன்னார்கள், பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர்களில் ஒரு பெண் முன்னால் நின்றார். நடவு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவர், ஊரே சங்கத்து அக்கா என்று கூப்பிடும். நாற்காலி தீர்ந்துபோயிருந்தது. அவர் பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு பெஞ்சை இழுத்துவந்து போட்டு உட்கார்ந்தார். மிராசுதார் அதைப் பார்த்தார். 

மிராசுதார் என்னிடம்தான் முதலில் கேட்டார்.

"எந்த ஊரும்மா உனக்கு?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தன் மோதிரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் ஹெச்.எம்.மிடம் பேச ஆரம்பித்தார். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இவளா இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது என்பதை அவர் வேறு வார்த்தைகளில் சொன்னார். ஹெச்.எம். பிராமண விதவை, ரிட்டயராக ஒன்றரை வருஷம் இருந்தது. டீச்சரை அரசாங்கம் போட்டிருக்கிறது, பாடத்தையும் அரசாங்கம்தான் அனுப்பியிருக்கிறது, பிடிக்காவிட்டால் டி.சி. எழுதித் தருகிறேன் என்று அமைதியாகச் சொன்னார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஊசியெல்லாம் கிடையாது என்று நான் விளக்கினேன். யாரும் நம்பவில்லை. அப்போது பிலிப்பைன்ஸ் அம்மா என்னிடம், இவர்களெல்லாம் என்ன நெல் போடுகிறார்கள் என்று கேள் என்றார். எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். வந்திருந்த குத்தகைக்காரர் ஒருவர், குறுவைக்கு ஐ.ஆர். எட்டு போட்டுப் பார்த்தோம் என்றார். அந்த நெல் தங்கள் ஊர் ஆராய்ச்சிப் பண்ணையில் உண்டானது, தன் தம்பி அங்கே கூலி வேலை செய்தான் என்று அந்த அம்மா சொன்னதும் அறையின் முகமே மாறியது. அதற்கு ஏன் வைக்கோல் இவ்வளவு குட்டை, மாடு ஏன் தின்னமாட்டேன் என்கிறது, சோறு ஏன் ருசியில்லை என்று நாலா பக்கமிருந்தும் கேட்டார்கள். அவர் எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். எங்கள் ஊர் மாடும் தின்னாது என்றார். மிராசுதார்கூட வாயைக் கோணிக்கொண்டு சிரித்தார்.

ஆனாலும் விஷயம் முடிந்தது நெல்லால் இல்லை. சங்கத்து அக்கா எழுந்து, "என்ன சொல்லிக் குடுக்குறீங்கன்னு நாங்களும் உக்காந்து கேக்குறோம். கேட்டுட்டு வேணுமா வேணாமான்னு சொல்றோம்" என்றார். அதற்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. என் வீட்டிலிருந்தும் ஒருத்தரை அனுப்புகிறேன் என்றார் மிராசுதார். தன் ஆள் ஒருவரை வேவு பார்க்க அனுப்புவார் என்று நினைத்தோம். வந்தது அவர் மனைவி.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாக்களுக்கு வகுப்பு வைத்தோம். இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தால் அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பெஞ்சையெல்லாம் வெளியே போட்டுவிட்டு எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். மிராசுதார் மனைவி கதவோரம் தனியாக உட்கார்ந்தார். பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் கேட்டார்கள். ஒன்பது பெற்ற ஒரு அம்மா, குழந்தை வயிற்றுக்குள் எந்த வழியாக மூச்சு விடுகிறது என்று இத்தனை நாள் தெரியாமலே பெற்றேன் என்று சொல்லிப் படத்தின் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார். ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்பது அப்பனிடமிருந்து வருவது என்று நான் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், இன்னொரு தடவை சொல்லும்மா என்றார். சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னார்கள். கதவோரமிருந்து ஒரு குரல் முதல் தடவையாகக் கேட்டது: "நெஜமாவா?" மிராசுதாருக்கு மூன்று பெண்கள், ஆண் வாரிசு இல்லை என்பது ஊருக்குத் தெரியும்.

அடுத்த திங்கள்கிழமை பிள்ளைகள் எல்லாரும் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். டப்பாவும் மறுபடி நிறைய ஆரம்பித்தது. அந்த வாரம் வந்த ஒரு சீட்டு இப்போதும் எனக்கு எழுத்தெழுத்தாக ஞாபகம் இருக்கிறது. இடது கை எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

'லீவு நாள்ல களை எடுக்கப் போற எடத்துல காரியக்காரர் எங்கமேல கை வெக்கிறாரு. சொன்னா அம்மாவுக்கு வேலை தரமாட்டாங்க. என்ன பண்றது.'

காரியக்காரர் என்பவர் பண்ணையில் நிலக்காரருக்காக ஆட்களை மேற்பார்க்கிறவர். யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பது அவர் வாயில்தான். அந்த ஊரில் நாலைந்து காரியக்காரர்கள் இருந்தார்கள். எழுதிய பெண் யார், எந்த வயல், எதுவும் தெரியாது. அதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அம்மா களைக்குப் போன நாட்களில் என்னை ஏன் ஒருநாளும் கூடக் கூட்டிக்கொண்டு போனதில்லை என்று அந்த நிமிஷம்தான் யோசித்தேன்.

அந்த அம்மா பையிலிருந்து பயிற்சிக் கையேட்டை எடுத்து நீட்டினார். அவரும் திட்டத்துக்காரர்களும் சேர்ந்து தயாரித்த அந்தக் கையேட்டில் இப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு பதில் இருந்தது: நம்பிக்கையான பெரியவரிடம் சொல். நான் அதைப் படித்துக் காட்டினேன். யாரிடம் சொன்னாலும் வேலை போகும் என்றுதானே இந்தப் பெண் எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். ஆமாம், கையேடு எழுதியபோது எங்களுக்கு இந்த வயல் தெரியாது என்றார். பிறகு என்னிடமே கேட்டார், உங்கள் ஊரில் வேலை போகாமல் பேசக்கூடியவர் யார்?

எனக்குத் தோன்றியது சங்கத்து அக்காதான். ஆனால் டப்பாவில் விழுந்தது வெளியே போகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம். அதை மீற அந்த அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில் வகுப்பில் பொதுவாகக் கேட்டேன். டப்பாவில் வந்த கேள்விகளை அம்மாக்கள் கூட்டத்தில் படிக்கலாமா? யார் பேரும் எங்களுக்கே தெரியாது. படிக்கக்கூடாது என்று ஒரு சீட்டு வந்தால்கூடப் படிக்கமாட்டோம். யோசித்து எழுதிப் போடுங்கள்.

இரண்டு நாள் கழித்துத் திறந்தோம். கூடாது என்று ஒன்றும் இல்லை. ஒரு சீட்டில் அதே கோணல் எழுத்து. 'படிங்க. எங்கம்மா இருக்கும்போது படிங்க.'

சனிக்கிழமை அம்மாக்கள் மறுபடி கூடியபோது நான்தான் படித்தேன். மற்ற கேள்விகளோடு நடுவில் வைத்துப் படித்தேன். யாரும் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அறுபது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. வெளியே சொல்லப்பட்டதுதான் புதுசு.

"எங்க காலத்துலயும் இருந்துது" என்றார் ஒரு அம்மா. 

சங்கத்து அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார், "இந்தப் பாடத்துல இதுக்கு என்ன சொல்லியிருக்கு டீச்சர்?"

உன் உடம்பு உன்னுடையது, பிடிக்காத தொடுதலுக்கு வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு என்று இருக்கிறது, அக்கா என்றேன்.

"சொல்லிட்டு மறுநா களைக்கு எங்க போறது?"

 தெரியவில்லை என்றே சொன்னேன். பிலிப்பைன்ஸ் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர், எனக்கும் தெரியவில்லை என்று சொல் என்றார். அப்போது கதவோரம் இருந்த மிராசுதார் மனைவி எழுந்துகொண்டார். போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு அடி உள்ளே வந்து, சங்கத்து அக்காவிடம், பொம்பளை ஆளை மேய்க்க ஆம்பளை எதற்கு, உங்களிலேயே ஒருத்தர் பார்த்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்டார். அந்த இரண்டு பெண்களும் அதுவரை ஒருவரோடொருவர் நேராகப் பேசியதில்லை என்று எனக்குப் பிறகு சொன்னார்கள். அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"ஆகும்ங்க. ஆனா நீங்க ஒத்துக்கணும்."

"நான் எங்க ஒத்துக்கறது" என்றார் அவர். "எழுதிக் குடுங்க. பேச்சுவார்த்தையில வையுங்க."

தை பிறப்பதற்கு முன்னால் மன்னார்குடியில் தாசில்தார் முன்னிலையில் கூலிப் பேச்சு நடந்தது. நான் போகவில்லை. சங்கத்து அக்கா சொல்லித்தான் தெரியும். இரண்டு நாள் அறுவடைக் கூலிக்கே போய்விட்டதாம். ஒவ்வொரு வரிக்கும் சண்டை. பெண் ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் பெண்ணே மேற்பார்க்க வேண்டும் என்ற வரியை அவர்கள் கடைசியில் வைத்தார்கள். வரி எதற்கு வந்தது என்று தாசில்தாருக்குத் தெரியாது, அறையிலிருந்த ஆண்களில் பலருக்கும் தெரியாது. நிலக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் இதெல்லாம் கூலிப் பேச்சில் வருமா என்று ஆரம்பித்தார். மிராசுதார் அவரைக் கையமர்த்தி, "எழுதிக்குங்க" என்றாராம். அவ்வளவுதான். அந்த இரண்டு நாளில் சண்டை இல்லாமல் முடிந்த வரி அது ஒன்றே.

மிராசுதார் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தெரிந்துகொள்ள வழி இல்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். காரியக்காரர்களில் ஒருவரை ரைஸ் மில்லுக்கு மாற்றினார்கள். அவர்தான் அந்த ஆளா என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. போலீஸ் இல்லை, பஞ்சாயத்து இல்லை. சங்கத்து அக்காவுக்கு அதில் கோபம் இருந்தது. வேற எடத்துக்கு அனுப்பினா அங்க பொம்பளை இல்லையா என்று என்னிடம் கேட்டார். பக்கத்து ஊர்ப் பண்ணைகளில் அந்த வரியைச் சேர்க்க அவர் இன்னும் இரண்டு மூன்று அறுவடை அலைந்தார். சில இடத்தில் நடந்தது, சில இடத்தில் இல்லை. டிராக்டரும் அறுவடை மிஷினும் வந்த பிறகு ஆள் கணக்கே மாறிப்போயிற்று, அது வேறு கதை.

பிலிப்பைன்ஸ் அம்மா மாசி மாதம் கிளம்பினார். போவதற்கு முன்னால் கையேட்டில் அந்த இடத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, நடந்ததை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கூலி ஒப்பந்தம் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டு, சங்கத்து அக்காவிடமே போய் வாங்கிக்கொண்டார். அவர் எழுதியது பாங்காக்கில் அச்சாயிற்றா, வேறு ஏதோ ஊர் வயலில் யாருக்காவது உபயோகப்பட்டதா, தெரியாது. இரண்டு வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. அதன் பிறகு வரவில்லை.

பணம் நின்றதும் திட்டமும் நின்றது. புதுப் பாடத்திட்டத்தில் பழைய இரண்டு பக்கம்தான் இருந்தது. எங்கள் ஹெச்.எம். ரிட்டயராகும் வரைக்கும் வாரம் ஒரு பீரியடை 'சுகாதாரம்' என்று டைம்டேபிளில் போட்டு எனக்குக் கொடுத்துவந்தார்.

அப்படி ஒரு பீரியடில், அடுத்த வருஷம், ஒரு பெண் எழுந்து நின்றாள். டப்பாவில் போடாமல் வாயாலேயே கேட்டாள்.

"டீச்சர், பையன்களுக்கு இதெல்லாம் யாரு சொல்லித் தர்றாங்க?"

யாரும் இல்லை என்றேன்.

"அப்ப அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

 அன்று மாலை நான் ரோட்டைக் கடந்து எதிரிலிருந்த ஆண்கள் பள்ளிக்குப் போனேன். அங்கே ஸ்டாஃப் ரூமில் ஹெட்மாஸ்டர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, பெண் டீச்சரை அனுப்பி இதையெல்லாம் பையன்களுக்குச் சொல்லச் சொன்னால் என் வேலை போய்விடும் அம்மா என்றார். ஆண் டீச்சர் யாராவது சொல்லட்டும் சார், நான் அவருக்குச் சொல்லித் தருகிறேன் என்றேன். யார் வருவார்கள் என்று அவர் சிரித்தார். அங்கே விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், வேட்டி கட்டிய மெலிந்த மனிதர், தஞ்சாவூர்ப் பயிற்சியில் ஜன்னல் பக்கம் பார்த்த ஆண் ஆசிரியர்களில் ஒருவர், மூலை மேஜையில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். அவர் தலையைத் தூக்கி, என்னைக்கு ஆரம்பிக்கணும் என்று கேட்டார்.